குலதெய்வத்தின் திருமுன் கூடும் குடும்பம்

பங்குனித் திங்களில் உத்திர விண்மீன் கூடிய நாளன்று, விடியற்காலையில் தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். அன்று தனியாகப் பயணம் செய்வோர் அரியர். பாட்டி, அவர் கையைப் பற்றிய பேரன், வெண்கலப் பானையைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிய மருமகள், பச்சரிசியும் கருப்பட்டியும் சுமந்த மகன், மாலைக் கூடையுடன் பேத்தி என வீடே பெயர்ந்து வந்ததுபோல் கூட்டம் நிற்கும். எங்கே பயணம் என்று வினவினால் "சாஸ்தா கோயிலுக்கு" என்பர். எந்தச் சாஸ்தா என்று மேலும் வினவினால்தான் விடைகள் வேறுபடும்.

தூத்துக்குடி, திருநெல்வேலி முதலிய தென்மாவட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு சாஸ்தா உண்டு. திருச்செந்தூரை அடுத்த செம்மணல் தேரிப் பகுதியில், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனாராகவும், காயாமொழிக்கு அருகே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனாராகவும், மேற்கே பாபநாசம் மலைமேல் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனாராகவும் அவர் எழுந்தருளியுள்ளார். இவையன்றிக் குளக்கரைகளிலும், ஆற்றோரங்களிலும், பனங்காடுகளிலும் பெயர் பரவாத சிறு கோயில்கள் மிகப் பல. பூரணை, புட்கலை ஆகிய தேவியருடன் சாஸ்தா வீற்றிருக்க, சுடலைமாடன், பேச்சியம்மன், இசக்கியம்மன் முதலிய பரிவார தெய்வங்கள் சூழ்ந்திருப்பது பெரும்பான்மை வழக்கம். சாஸ்தாவுக்குச் சைவப் படையலே இடுவர். கிடாய் முதலிய நேர்ச்சைகள் பரிவாரக் காவல் தெய்வங்களுக்கு உரியவை.

உத்திரம் சாஸ்தாவின் அவதார நட்சத்திரம் என்பது நம்பிக்கை. பங்குனி உத்திர விழா பழைமை மிக்கது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் மயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் அவ்வூர்த் திருவிழாக்களுள் ஒன்றாக இது குறிக்கப்பெற்றுள்ளது. பெருங்கோயில்களில் அது தெய்வத் திருமண நாள். நம் தென்கோடியிலோ அது குடும்பங்கள் ஒன்றுகூடும் நாள். தீபாவளிக்கு ஊருக்கு வராத மகனும் பங்குனி உத்திரத்திற்கு வந்துவிடுவான் என்று இப்பகுதிப் பெரியோர் பெருமையாகக் கூறுவர்.

திருவள்ளுவர் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரை வரிசைப்படுத்தும்போது, மறைந்த முன்னோரை முதலிலும், தெய்வத்தை அடுத்தும், பின்னர் விருந்தினரையும், சுற்றத்தாரையும், இறுதியில் தன்னையும் வைத்தார். சுற்றந்தழால் என்று தனி அதிகாரமே வகுத்தார். இவ்வைந்து கடமைகளையும் ஆண்டு முழுவதும் தனித்தனியே செய்ய முயன்று தவறுகிறோம். குலதெய்வ வழிபாட்டு நாளில் அவை ஐந்தும் ஒரு மரத்தடியில் நிறைவேறுகின்றன. முன்னோர் வணங்கிய இடத்தில் நிற்கிறோம், தெய்வத்திற்குப் பொங்கலிடுகிறோம், வந்தவர்க்கெல்லாம் இலை போடுகிறோம், உறவினரோடு உடனிருந்து உண்கிறோம், நாமும் பசியாறுகிறோம். எனவே இதனை வெறும் நேர்த்திக்கடனாக மட்டும் கருதுதல் குறையுடைய பார்வையாகும்.

குலதெய்வம் இருக்கும் இடம் ஒரு வரலாற்றுச் சான்றும் ஆகும். கடற்கரையில் வாழும் ஒரு குடும்பத்தின் சாஸ்தா அறுபது கல் தொலைவில் ஒரு மலையடிவாரக் குளக்கரையில் இருக்கக் காண்கிறோம். ஏன் அங்கே என்று குழந்தைகள் கேட்பர். அக்குடும்பத்தின் பாட்டனுக்குப் பாட்டன் அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கிழக்கே வந்தவராக இருக்கக்கூடும். வரும்போது சிலர் மூலக்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, குடியேறிய ஊரில் பீடம் அமைத்து வணங்கினர். அவ்வாறு செய்யாதவர் ஆண்டுதோறும் பழைய இடத்திற்கே சென்றனர். ஊர்ப்பெயரும் நிலமும் கைவிட்டுப் போன பின்னரும், சாஸ்தாவின் பெயர் மட்டும் குடும்பத்தின் முகவரியாக நின்றது. ஒரே சாஸ்தாவைப் பல சமூகத்தாரும் தத்தம் குலதெய்வமாகக் கொண்டிருப்பது இங்குக் காணும் மற்றொரு சிறப்பு. தம் சாஸ்தாவை அறியாதவர் செந்திலாண்டவனையோ சொரிமுத்து அய்யனாரையோ வழிபடுவர். அறியாமல் போனதற்கு வருந்தும் முதியோர் பலரை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு.

இக்கரையில் குடும்பங்கள் சிதறுதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. துறைமுகமும் புகைவண்டியும் வந்தபின் தூத்துக்குடி கொழும்புக்குச் செல்லும் வாயிலாயிற்று. கடை வைக்கவும் கணக்கு எழுதவும் கூலி வேலை செய்யவும் ஆயிரக்கணக்கானோர் இலங்கை சென்றனர். 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இக்கடல் வழிக்காகவே. 1914இல் தனுஷ்கோடி வழித்தடம் திறந்தபின் பயணிகள் அவ்வழியே சென்றனர். ஆயினும் தோணி வணிகம் இங்கே தொடர்ந்தது. பின்னர்ப் பம்பாயும் சென்னையும் இழுத்தன. அதன்பின் வளைகுடா நாடுகள். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றபோது வெளியூர்க்காரர் இங்கு வந்தனர். நம்மவர் வெளியே செல்வது நிற்கவில்லை.

முத்துக்குளித்தலைப் பற்றி இங்கு ஒன்று கூறாமல் இருத்தல் இயலாது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அத்தொழிலின் ஒரு வழக்கத்தை இக்கரை மக்கள் மறக்கவில்லை. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குபவனின் உயிர், தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருக்கும். கயிறு அசைந்த கணத்தில் இழுக்காவிடில் மூழ்கியவன் மீளான். அக்கயிற்றைப் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர் என்றும், தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க அவன் பொறுக்கமாட்டான் என்பதே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். குளிப்பாளிகளில் பெரும்பாலோர் கிறித்தவப் பரதவர். அவர்களுடைய குடும்பங்களும் எங்கிருந்தாலும் ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவிற்குத் தூத்துக்குடி வந்து சேர முயல்கின்றன. சமயம் எதுவாயினும், கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்பதை இக்கடற்கரை நன்கு அறிந்திருக்கிறது.

இனி எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல அன்பர்கள் இசைவு தருவார்களாக.

எங்கள் சாஸ்தா கோயில் தேரிக்காட்டில் உள்ள சிறியதொரு கோயில். குடும்பத்தின் வரி ஏடு, ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் தாமிரபரணிக் கரையோரச் சிற்றூரில், என் பெரியப்பா வீட்டில் இருந்தது. தலைக்கட்டுகளின் பெயர், யார் மகன் யார், எந்த ஆண்டு எவ்வளவு வரி என்பவை மூன்று தலைமுறையாக அதில் எழுதப்பெற்று வந்தன. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆற்று நீர் ஊருக்குள் புகுந்தது. உயிர்கள் பிழைத்தன. மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஏடு பிழைக்கவில்லை. நீர் வடிந்தபின் எடுத்துப் பார்த்தபோது அது சேற்றுக் கட்டியாக இருந்தது. மை முழுவதும் கரைந்துபோயிருந்தது.

மறு பங்குனிக்கு மூன்று மாதங்களே இருந்தன. பெயர் தெரியாமல் யாருக்கு அழைப்பு விடுப்பது? பெரியப்பாவுக்குத் தம் பாட்டனார் வழி தெரியும். பாட்டனாரின் தம்பியர் வழி தெரியாது. கொழும்பிலிருந்து திரும்பி வந்து சாத்தூர்ப் பக்கம் தங்கிய கிளையை எவரும் அறிந்திலர். அப்போதுதான் திருமணமாகி அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உடன்குடிக்குச் சென்றுவிட்ட என் அத்தையை, எண்பத்து நான்கு வயதில், ஒருவர் நினைவுகூர்ந்தார். நாங்கள் நால்வர் குறிப்பேட்டுடன் சென்று அவர் கட்டிலருகே அமர்ந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிளை கிளையாகச் சொல்லத் தொடங்கினார். எந்தக் குழந்தைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்தினார்கள் என்பதே அவருக்கு அடையாளம். அதைப் பற்றிக்கொண்டு பெயர்களை எடுத்தார். இரண்டு பிற்பகல்களில் ஏடு மீண்டும் எழுதப்பெற்றது. முடித்தபின் அவர், "அந்த நோட்டுல என் பேரு என்னைக்குமே இருந்ததில்லையே அய்யா. கல்யாணம் ஆனதும் வேற சாமிக்குப் போயிட்டேன்னு எடுத்துட்டாவ" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை.

வரி கட்டும் ஆண் மக்கள் பெயரை மட்டும் எழுதுவது பழைய முறை. பெண்மக்கள் கணவர் வீட்டுக் குலதெய்வத்தைச் சேர்ந்தவர் ஆவர் என்பது அதற்குரிய காரணம். வழிபாட்டு உரிமை பற்றி முடிவு செய்ய நாம் முற்படவில்லை. ஆனால் வரி வேறு, பெயர் வேறு. பெண்மக்களின் பெயரையும் அவர்கள் சென்ற ஊரையும் எழுதி வைத்திருந்தால் அந்த வெள்ளத்தில் நாங்கள் அத்துணை கலங்கியிருக்கமாட்டோம். புதிய ஏட்டில் பெண் பிள்ளைகளுக்கெனத் தனிப்பத்தி உண்டு. 2024 பங்குனி உத்திரத்தன்று அத்தையை மகன் காரில் அழைத்து வந்தான். மணலில் சக்கர நாற்காலி ஓடாது என்பதை முன்னரே எண்ணாமல் விட்டோம். இளைஞர் நால்வர் நாற்காலியோடு தூக்கிச் சென்று சாஸ்தா முன் அமர்த்தினர்.

அந்த அனுபவத்தால் கற்றவற்றைப் பிறர்க்கும் பயன்படுமாறு இங்குக் கூறுகிறோம்.

கூட்டுவோர் இருவராக இருத்தல் நலம்: ஒருவர் முதியவர், ஒருவர் இளையவர். முதியவர் அழைத்தால் மறுக்கமாட்டார்கள். இளையவருக்குக் கைப்பேசியில் குழு அமைக்கத் தெரியும். ஆயினும் கைப்பேசிச் செய்தி ஒன்றே போதும் என்று எண்ணுதல் தவறு. மனத்தாங்கல் உள்ள வீடுகளுக்கு நேரில் சென்று வெற்றிலை பாக்கு வைத்தே அழைக்க வேண்டும். கார்த்திகையிலேயே நாளைச் சொல்லிவிட்டால் வெளிநாட்டில் இருப்போர் விடுப்புக் கேட்கவும், பள்ளித் தேர்வுகளைப் பார்த்துக்கொள்ளவும் வசதியாகும். கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை நிறைவில் நடைபெறும் கள்ளர் வெட்டுத் திருவிழாவிற்குக் கூடும் குடும்பத்தினர் சிலர், இளநீர் வெட்டிய புனித மண்ணைப் பகிர்ந்துகொள்ளும் அதே இடத்தில் பங்குனிக்கான பேச்சையும் தொடங்கிவிடுவர், நல்ல ஏற்பாடு.

வரி எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒன்றே என்பது நம் முன்னோர் வகுத்த முறை. இதில் ஆழ்ந்த கருத்து உண்டு. கப்பல் நிறுவனத்தில் அலுவலராக இருப்பவரும் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருபவரும் சாஸ்தா முன்பு ஒரே தொகைக்கு உரியவர். எனவே அத்தொகை உப்பளத் தொழிலாளிக்கு இயலும் அளவினதாகவே இருத்தல் வேண்டும். கூடுதலாகக் கொடுக்க விரும்புவோர் கொடுக்கட்டும். பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டா. அறிவித்த இடங்களில் அடுத்த ஆண்டு ஏழை உறவினர் வருவதில்லை. இதனைக் கண்ணாரக் கண்டபின்பே எழுதுகிறோம். கணக்கை அன்று மாலையே அனைவர் முன்னும் படித்து முடித்துவிடுதல் நன்று.

முதல் மரியாதை என்னும் பெயரால் உடைந்த குடும்பங்கள் பல. திருநீறும் மாலையும் யாருக்கு முதலில் என்று வழக்காடுவதைவிட, அவ்வாண்டு முடியிறக்கும் சிறு குழந்தைக்கே முதல் மாலை என்று வைத்துக்கொண்டால் சண்டைக்கு இடமிராது. எங்கள் குடும்பத்தில் இவ்வாறு செய்தோம். மூத்த கிளையார் ஒருவர் முகம் சுளித்தார். பின்னர் அக்குழந்தை அவர் பேத்தியே என்பதனால் அமைந்தார்.

தேரியில் பங்குனி வெயில் கடுமையானது. முற்பகல் பத்து மணிக்கு மேல் செம்மணலில் வெறுங்காலால் நடக்க இயலாது. எனவே முதல்நாள் மாலையே சிலர் சென்று பந்தல் இடுதல், குடிநீர் இறக்குதல், விறகு சேர்த்தல் ஆகியவற்றைச் செய்ய வேண்டும். பொங்கல் பானைகள் காலை எட்டு மணிக்குள் பொங்கிவிட வேண்டும். முதியோர்க்கு நிழலில் நாற்காலி, நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள், பெண்களுக்கு மறைவிடம், குழந்தைகள் வழிதவறினால் காட்டும் அடையாளச் சீட்டு ஆகியவை சிறு செய்திகளாகத் தோன்றும். இவை இல்லாவிடில் மறு ஆண்டு வரவு குறையும். சொரிமுத்து அய்யனார் கோயில் புலிகள் காப்பகத்தினுள் உள்ளது. ஆகையால் ஆடி அமாவாசைக்கு அங்குச் செல்வோர் வனத்துறை வகுத்த நாள் வரம்பையும் நெகிழிப் பை விலக்கையும் மதித்து நடத்தல் வேண்டும். காடு அய்யனுடையது.

படையல் முடிந்து பந்தி போடுவதற்கு முன் அரை மணி நேரத்தை ஒதுக்குக. இதுவே அந்நாளின் உயிர்நிலை. ஒவ்வொரு கிளையாரும் எழுந்து நின்று, மூத்தவர் தம் பாட்டன், பூட்டன், ஓட்டன் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு பிறந்தவரையும் மறைந்தவரையும் கூற வேண்டும். குழந்தைகளிடம், "இவர் உனக்கு என்ன முறை?" என்று வினவிச் சொல்ல வைக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்னும் நான்கு சொற்களும் இன்று பல வீடுகளில் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று இரண்டாகச் சுருங்கிவிட்டன. முறை தெரியாத பிள்ளைக்கு உறவு எப்படித் தெரியும்? தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தும் சடங்கு, அந்த உறவைக் குழந்தையின் உடலிலேயே எழுதிவைக்கும் முறையன்றோ?

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, ஈமத்தாழிகளில் மட்கலங்களும், இரும்புக் கருவிகளும், பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. இப்போது அங்கேயே தள அருங்காட்சியகம் அமைந்துள்ளது. இயலுமாயின் குலதெய்வ வழிபாட்டிற்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகளைத் திரும்பும் வழியில் அங்கும் அழைத்துச் செல்க. இத்தாமிரபரணிக் கரையில் இறந்தோரை எத்துணைப் பரிவோடு வழியனுப்பினர் என்பதை ஏட்டில் படிப்பதினும் நேரில் காண்பது நன்று.

பிணக்குகள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று எவரும் நம்ப வேண்டா. எங்கள் குடும்பத்தில் நிலப் பங்கு தொடர்பாகப் பன்னிரண்டு ஆண்டுகள் பேசாதிருந்த உடன்பிறந்தார் இருவர் 2024இல் வந்தனர். ஒருவர் படையலுக்குப் பின் வந்து, பந்திக்கு முன் சென்றுவிட்டார். சென்ற ஆண்டு பந்தியில் அமர்ந்தார், தம்பிக்கு எதிர்வரிசையில். தம்பி மகள் அவர் இலையில் பொங்கல் பரிமாறினாள். அவ்வளவே.

வர இயலாதவர்க்கும் வழி உண்டு. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது பங்குனி உத்திரத்தன்று கோயில்கள் மூடியிருந்தன. அவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் சாஸ்தா இருக்கும் திசை நோக்கி விளக்கேற்றி, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தனர். அயல்நாட்டில் இருப்போர் இன்றும் இவ்வாறு செய்யலாம். ஊருக்கு வரும் ஆண்டில் முடிச்சினை அவிழ்த்து உண்டியலில் சேர்க்கலாம். முடிச்சு அவிழாமல் பல ஆண்டு கிடக்க விடுதல் கூடாது.

அத்தை 2025 ஆடியில் இறைவனடி சேர்ந்தார். ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே நாளைக் குறித்தவன் அவருடைய பேரன். அவன் வேறு குலதெய்வத்தைச் சேர்ந்தவன். ஆயினும் எழுதும் உரிமை அவனுக்கே என்று அனைவரும் ஒப்பினர். இப்போது அவ்வேடு மூன்று படிகளாக உள்ளது. ஒன்று பூசாரி வீட்டில், ஒன்று தூத்துக்குடியில், ஒன்று சென்னையில். தூத்துக்குடிப் படி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.